விருந்துக்குப் பழமும் இலையும் சேர்த்த எலுமிச்சைச் சாறு: எதை முந்தின நாள் செய்யலாம், எதைக் கடைசியில் செய்ய வேண்டும்?

வேனில்வாசகி:

வணக்கம் மக்களே. அடுத்த வாரம் வீட்டில் ஒரு சின்னக் கூடல். பெரியவர்கள், குழந்தைகள் எல்லாம் சேர்த்து 20 பேர் வரை வருவார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிறது, அதனால் பாட்டில் பானங்களை விட்டுவிட்டு எலுமிச்சைச் சாறு, அதோடு ஏதாவது ஒரு பழம், வாசனைக்குப் புதினா மாதிரி ஒரு இலை என்று வீட்டிலேயே கலந்து பெரிய ஜாடியில் வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டு டம்ளர் கலக்குவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இவ்வளவு பேருக்குக் கலந்து, அது மூன்று மணி நேரம் மேஜையில் நிற்கவும் வேண்டும் என்றால்தான் சிக்கல். விருந்துகளில் பார்த்திருப்பீர்கள், முதல் டம்ளர் பிரமாதமாக இருக்கும், அடுத்த டம்ளருக்குப் போவதற்குள் ஒரு கசப்பு ஏறியிருக்கும், புதினா கறுத்து மிதக்கும், ஐஸ் கரைந்து எல்லாம் சப்பென்று ஆகியிருக்கும். இது மூன்றும் இல்லாமல் செய்ய வழி உண்டா? எதை முந்தின நாளே முடித்து வைக்கலாம்? எந்தப் பழத்தோடு எந்த இலை சேரும்? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

மிக்ஸிமாமா:

ரொம்ப யோசிக்க வேண்டாம் தங்கச்சி. எலுமிச்சையை நாலாக வெட்டித் தோலோடு மிக்ஸியில் போடுங்கள், சர்க்கரை, புதினா, பழத்துண்டு, ஐஸ் எல்லாம் மேலே போட்டு ஒரே அடி. வடிகட்டினால் வேலை முடிந்தது. பாகு காய்ச்சு, ஆற வை, தனித்தனியாக எடுத்து வை என்று யாராவது வந்து சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள்.

புளிப்பரசி:

மாமா, அந்த யாராவது நான்தான்.

வாசகி, மாமா சொன்ன முறை அடித்த உடனே குடிப்பதற்குச் சரி. மூன்று மணி நேரம் நிற்க வேண்டும் என்றால் நீங்கள் சொன்ன அந்தக் கசப்பும் கறுப்பும் அதிலிருந்துதான் வரும். என் கட்சி ஒன்றே ஒன்றுதான்: சாறு தனி, பாகு தனி, பழம் தனி, இலை தனி. நான்கும் சந்திப்பது ஜாடியில்தான், அதுவும் விருந்தினர் வருகிற நேரத்தில்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

அளவு: 1 கப் எலுமிச்சைச் சாறு, 1 கப் சர்க்கரை, 5 கப் தண்ணீர். ரொம்பப் புளிப்பாக வேண்டும் என்பவர்கள் தண்ணீரை 4 கப்பாகக் குறைத்துக்கொள்ளலாம். பழம் சேர்க்கிறீர்கள் என்றால் அந்தப் பழக்கூழ் எத்தனை கப்போ அத்தனை கப் தண்ணீரைக் குறைக்க வேண்டும், பலரும் இதை மறந்துவிட்டு அப்புறம் நீர்த்துப்போச்சு என்கிறார்கள். பழம் நல்ல இனிப்பாக இருந்தால் சர்க்கரையையும் கால் பங்கு குறையுங்கள்.

பாகு என்றதும் கம்பிப்பதம், பிசுக்குப்பதம் என்று பயப்பட வேண்டாம். சம அளவு சர்க்கரையும் தண்ணீரும், அடுப்பில் வைத்துச் சர்க்கரை கரைந்து தெளிந்ததும் இறக்கிவிட வேண்டியதுதான், கொதித்துக் குறுகவே கூடாது. சர்க்கரை குளிர்ந்த தண்ணீரிலும் கரையும், ஆனால் ஆறஅமரத்தான் கரையும். ஐஸ் போட்ட ஜாடியில் நேரடியாகக் கொட்டினால் பாதி அடியில் மணலாகத் தங்கிவிடும், முதலில் ஊற்றிக்கொள்கிறவருக்குப் புளிப்பு, கடைசி ஆளுக்குத் தித்திப்பு. பாகை முந்தின நாளே, ஏன், ஒரு வாரம் முன்னாடியே காய்ச்சி மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஒன்றும் ஆகாது.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் மெனக்கெடல்தான், ஆனால் செய்து பார்த்தவர்கள் விடமாட்டார்கள். எலுமிச்சையைப் பிழிவதற்கு முன் நன்றாகத் தேய்த்துக் கழுவி, மேல் தோலை மட்டும் மெலிதாகச் சீவுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி வரவே கூடாது. அந்தச் சீவலைச் சர்க்கரையில் போட்டு விரலால் நன்றாகக் கசக்கி மூடி வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் சர்க்கரை ஈர மணல் மாதிரி ஆகி, மூடியைத் திறந்தால் வாசனை மூக்கில் ஏறும். தோலில் இருக்கிற எண்ணெயைச் சர்க்கரை இழுத்துக்கொள்கிறது. அந்தச் சர்க்கரையில் வெந்நீர் ஊற்றிக் கரைத்து வடிகட்டினால் பாகு தயார். சாறு தருவது புளிப்பு மட்டும்தான், எலுமிச்சை மணம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு தோலில்தான் இருக்கிறது.

வேதியல்பித்து:

கசப்பைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பலர் கொட்டையை மட்டும் குற்றம் சொல்கிறார்கள். எலுமிச்சை வகைப் பழங்களின் சுளைத்தோலிலும் கொட்டையிலும் கசப்பே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. பழம் முழுசாக இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். பிழிந்த பிறகு சாற்றின் அமிலத்தில் மெல்ல மெல்ல மாறி லிமோனின் என்ற கசப்புப் பொருளாகிறது. மெல்ல மெல்ல என்பதுதான் முக்கியம். அதனால்தான் பிழிந்த உடனே கசக்காது, நேரம் போகப் போகக் கசக்கும். லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும்.

மிக்ஸியில் தோலோடு அடிக்கும்போது வெள்ளைப் பகுதி, சுளைத்தோல், கொட்டை எல்லாம் தூளாகிச் சாற்றில் கலந்துவிடுகிறது. உடனே குடித்தால் தப்பிக்கலாம். ஜாடியில் மூன்று மணி நேரம் வைத்தால் மாட்டிக்கொள்வோம். கையால் பிழிகிறவர்களும் கடைசிச் சொட்டு வரை முறுக்கிப் பிழிய வேண்டாம், அந்தக் கடைசி அரை ஸ்பூனில்தான் இதெல்லாம் இறங்குகிறது. பிழிந்ததும் உடனே வடிகட்டிச் சக்கையையும் கொட்டையையும் எடுத்துவிடுங்கள், சாறோடு ஊற விடாதீர்கள். அதேபோல் அழகுக்காக எலுமிச்சை வில்லைகளை ஜாடிக்குள் மணிக்கணக்கில் மிதக்க விடுகிறார்கள் பாருங்கள், கசப்புக்கு அதுவும் ஒரு வாசல்தான். வில்லையை டம்ளர் விளிம்பில் செருகுங்கள், பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

ஒரு சிட்டிகை உப்பு போட்டால் கசப்பு அடங்கும், இனிப்பும் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும். 1 லிட்டருக்கு ஒரு சிட்டிகை போதும், உப்புச் சுவை தனியாகத் தெரியக் கூடாது.

வேனில்வாசகி:

இது தெரியாமல்தான் எல்லோரும் கொட்டையைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். சரி, புதினா ஏன் கறுக்கிறது? அதையும் சொல்லிவிடுங்கள். சாற்றில் போட்டு முந்தின நாளே ஊற வைத்தால் நன்றாக இறங்கும் என்று ஒரு தோழி சொன்னார்.

வேதியல்பித்து:

தோழி சொன்னதைச் செய்ய வேண்டாம். இலையின் பச்சை நிறத்துக்குக் காரணமான பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. அமிலத்தில் போட்டால் அது கழன்றுவிடும், பச்சை போய் ஒரு பாசிப் பழுப்பு வந்துவிடும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச், அதாவது எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் அளவு, 2க்கும் 3க்கும் நடுவில், அவ்வளவு அமிலத்தில் எந்த இலையும் ராத்திரி முழுக்கப் பச்சையாக இருக்காது. இது ஒன்று. இரண்டாவது, இலையைப் போட்டு இடித்தாலும் கசக்கினாலும் செல்கள் உடைந்து, வெட்டிய ஆப்பிள் பழுப்பாவது போலவே இதுவும் காற்றுப் பட்டுக் கறுக்கும். கறுப்பதோடு புல் வாசனையும் வந்துவிடும்.

எனவே வாசனையைப் பாகில் இறக்குங்கள், பச்சையைக் கடைசியில் புது இலையில் காட்டுங்கள். ஒரே இலை இரண்டு வேலையும் செய்யாது.

கொத்துப்புதினா:

பெயரைப் பார்த்தாலே தெரியும், இலை என்றால் நான் வந்தே ஆக வேண்டும். மேலே சொன்னது அத்தனையும் சரி, ஆனால் எல்லா இலையையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதினா, திருநீற்றுப்பச்சிலை இரண்டும் மென்மையான இலைகள். கொதிக்கும் பாகில் போட்டால் வெந்த கீரை வாசனைதான் மிஞ்சும். பாகை இறக்கி, விரல் வைத்தால் சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு ஒரு பெரிய கைப்பிடி இலையைப் போட்டு மூடி, 20 நிமிடம் விட்டு வடிகட்டிவிடுங்கள். அரை லிட்டர் பாகுக்கு ஒரு கைப்பிடி. புதினாவில் தண்டைக் கிள்ளிவிட்டு இலையை மட்டும் போடுங்கள், தண்டு கசக்கும்.

ரோஸ்மேரி, தைம், எலுமிச்சைப்புல் எல்லாம் நேர் எதிர். இவை சூட்டில்தான் மணத்தை விடும். ரோஸ்மேரி இரண்டு கொத்துக்கு மேல் போடாதீர்கள், சூடான பாகில் 15 நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். அதிலிருக்கும் கற்பூர நெடி அதற்கு மேல் தலைதூக்கும், தைலத்தைக் கரைத்துக் குடிப்பது மாதிரி ஆகிவிடும். தைம் சாதுவானது, கொஞ்சம் அதிக நேரம் கிடந்தாலும் தொந்தரவு இல்லை. எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டை நசுக்கிப் பாகோடு சேர்த்தே 10 நிமிடம் சிறு தீயில் வைக்கலாம். லாவெண்டர் போடுகிறேன் என்று கிளம்பும் ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள், ஒரு டீஸ்பூன் காய்ந்த பூ போதும், அதைத் தாண்டினால் சோப்பு வாசனை.

இஞ்சி இலை இல்லை என்றாலும் இந்தக் கூட்டத்தில்தான் சேரும். மெலிதாக வெட்டிப் பாகில் சிறு தீயில் 10 நிமிடம் வைத்தால் சுத்தமான காரம் இறங்கும். பச்சையாகத் துருவிப் பிழிகிறீர்கள் என்றால் அந்தச் சாற்றைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வையுங்கள். கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே இருப்பதை மட்டும் மெதுவாகச் சாய்த்து எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஜாடி அடியில் அந்த வண்டல் வந்து உட்காரும்.

பரிமாறும்போது புதினாவைக் கசக்கவே வேண்டாம். ஒரு கொத்தை உள்ளங்கையில் வைத்து மற்றக் கையால் ஒரு தட்டுத் தட்டி டம்ளரில் செருகினால் போதும், குடிக்கக் குனியும்போதே மணம் வந்துவிடும்.

சும்மா_எட்டிப்பார்த்தவன்:

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தண்ணீர் ஊற்றுவதற்கு மக்னீசிய அணு வரைக்கும் போய்விட்டீர்களே, கும்பிடு சாமி.

புளிப்பரசி:

1676ல் பாரிஸில் எலுமிச்சைப் பானம் விற்கிறவர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். அவர்கள் சங்கம் வைக்கலாம், நாங்கள் நாலு பதிவு பேசக் கூடாதா? வந்ததுதான் வந்தீர்கள், ஒரு குறிப்பு போட்டுவிட்டுப் போங்கள்.

சும்மா_எட்டிப்பார்த்தவன்:

சரி, எனக்குத் தெரிந்தது ஒன்று. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த எலுமிச்சையைச் சில்லென்று பிழிந்தால் பாதிச் சாறு பழத்திலேயே நின்றுவிடும். வெளியே எடுத்து வைத்து, மேடையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டி, அப்புறம் பிழியுங்கள். அவசரம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். போதுமா?

பழக்கூடை:

பழத்தைப் பற்றி யாரும் இன்னும் வாயைத் திறக்கவில்லை, நான் ஆரம்பிக்கிறேன்.

தர்பூசணி: கூட்டத்துக்கு இதைவிடச் சுலபமான பழம் இல்லை. 100க்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதனால் இதைச் சேர்க்கும்போது தண்ணீரை ஏறக்குறைய நிறுத்திவிடலாம். அடித்து வடிகட்டி, எலுமிச்சையும் கொஞ்சம் பாகும் சேர்த்தால் போதும். ஒரே குறை, வைக்க வைக்கச் சிவப்புச் சக்கை மேலேயும் தெளிநீர் கீழேயும் பிரிந்து நிற்கும். ஒரு நீளக் கரண்டியை ஜாடிக்குள்ளேயே போட்டு வையுங்கள், வருகிறவர்கள் ஒரு கலக்குக் கலக்கி ஊற்றிக்கொள்ளட்டும். இதற்குப் புதினா, திருநீற்றுப்பச்சிலை இரண்டுமே சேரும்.

ஸ்ட்ராபெர்ரி: தயவுசெய்து கொதிக்க வைக்க வேண்டாம், ஜாம் வாசனை வந்துவிடும். வெட்டி, அரை கிலோவுக்கு 150 கிராம் சர்க்கரை தூவி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். சில மணி நேரத்தில் பழம் சுருங்கி, சிவப்பாகத் தானே பாகு விட்டிருக்கும். அதை வடிகட்டிக்கொண்டு பழத்துண்டை டம்ளரில் போடலாம். முந்தின நாள் வேலைக்கு இதுதான் ராசியானது. திருநீற்றுப்பச்சிலையோடு சேர்த்தால் இரண்டுக்குமே மதிப்பு கூடும்.

புளூபெர்ரி: இதைக் கொஞ்சம் சூடு காட்டி நசுக்கினால்தான் நிறம் இறங்கும். நசுக்கும்போது ஊதா, எலுமிச்சைச் சாறு பட்டதும் பளிச்சென்று இளஞ்சிவப்பு. குழந்தைகள் முன்னால் ஊற்றிக் காட்டுங்கள். இதற்குத் தைம்.

அன்னாசி: அடித்தால் நுரை பொங்கும். அடித்து அரை மணி நேரம் அப்படியே விட்டு நுரையை வழித்துவிட்டு வடிகட்ட வேண்டும். நாக்கில் சுரீர் என்கிறது என்று சிலர் சொல்வார்கள், அது பழத்திலிருக்கும் நொதி. லேசாகக் கொதிக்கவிட்டால் அடங்கிவிடும், ஆனால் பச்சை வாசனை போய்விடும், எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இஞ்சியோ ரோஸ்மேரியோ சேரும்.

மாம்பழத்தை எலுமிச்சையோடு சேர்த்தால் ருசி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூழ் கனமானது, ஜாடியில் இறங்கி அடியில் நிற்கும், பெரிய கூட்டத்துக்கு நான் சொல்லமாட்டேன். மாதுளையை மிக்ஸியில் ஓட விடாதீர்கள், முத்துக்குள் இருக்கும் விதை உடைந்து துவர்ப்பு ஏறும். ஒரு பையில் போட்டு உருட்டுக்கட்டையால் நசுக்கிப் பிழியுங்கள், அல்லது முத்தாகவே டம்ளரில் போடுங்கள்.

மிக்ஸிமாமா:

ஆக, பழத்துக்கு மிக்ஸி வேண்டும் என்று ஒப்புக்கொண்டீர்கள். அது போதும் எனக்கு.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் அடம்பிடிப்பேன். நீங்கள் எல்லாம் முந்தின நாள், முந்தின நாள் என்கிறீர்கள். சாற்றை மட்டும் முந்தின நாள் பிழிய வேண்டாம். பாகு காய்ச்சுங்கள், பழம் ஊற வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ராத்திரி பிழிந்து வைத்த எலுமிச்சைச் சாற்றில் மறுநாள் அந்தத் துள்ளல் இருக்காது. காலையில் இரண்டு பேர் உட்கார்ந்து பிழியுங்கள், பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும்.

புளிப்பரசி:

இதில் மாமா பக்கம்தான் நானும். அன்று காலையில் பிழிந்து, வடிகட்டி, வாய் வரை நிரம்பிய கண்ணாடி பாட்டிலில் காற்று புகாமல் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மாலை வரை தாங்கும்.

நிழல்தேடி:

நான் வேறு ஒரு விஷயம் சொல்ல வந்தேன், கட்டாயம் படியுங்கள். பிழிகிற வேலையை வெயிலில் உட்கார்ந்து செய்யாதீர்கள், குழந்தைகளையும் செய்ய விடாதீர்கள். எலுமிச்சை வகைத் தோலின் எண்ணெயிலும் சாற்றிலும் ஒரு பொருள் இருக்கிறது, அது தோலில் பட்டு அதன் மேல் வெயிலும் பட்டால் தீக்காயம் மாதிரி ஆகிவிடும். சிறிய பச்சை எலுமிச்சையில் இது அதிகம். உடனே தெரியாது, ஒரு நாள் கழித்துச் சிவக்கும், அப்புறம் கொப்புளம் வரலாம், அது ஆறிய பிறகும் பழுப்புத் தழும்பு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கும். கைமேல் வழிந்த மாதிரியே கோடு கோடாக இருக்கும், பார்க்கிறவர்கள் சூடு வைத்ததாக நினைப்பார்கள். தடுப்பது ரொம்பச் சுலபம். உள்ளே பிழியுங்கள், பிழிந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள், அப்புறம் வெளியே போங்கள்.

அடுத்தது பாத்திரம். பழைய செம்பு, பித்தளைக் குடத்தில் வைத்தால் மேஜைக்கு அழகு என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். இவ்வளவு அமிலம் உலோகத்தைக் கரைத்து இறக்கும், குமட்டல், வாந்தி வரை கொண்டுபோகும். துத்தநாகம் பூசிய வாளி, அலுமினியப் பாத்திரம் இதெல்லாமும் கூடாது. கண்ணாடி, எவர்சில்வர், உணவுக்கான பிளாஸ்டிக் இவை மூன்றும் பயமில்லை.

வேனில்வாசகி:

ஐயோ, நான் தோட்டத்தில் உட்கார்ந்து பிழியலாம் என்றுதான் இருந்தேன். நல்லவேளை சொன்னீர்கள். செம்புக் குடமும் யோசனையில் இருந்தது, அதுவும் போச்சு.

வெளியே வைத்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? அப்புறம் சர்க்கரைக்குப் பதில் தேன் போடலாமா? வருகிறவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு, சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களும் இரண்டு பேர் உண்டு.

நிழல்தேடி:

கைக்குழந்தைக்கு ஒரு வயது ஆகவில்லை என்றால் தேன் ஒரு துளி கூடத் தரக் கூடாது, கொதிக்க வைத்தாலும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதைகள் அந்தக் கொதியில் சாகாது, சின்னக் குழந்தையின் குடல் அதைத் தாங்காது. பெரியவர்களுக்குத் தேன் தாராளமாகப் போடலாம், தேன் ஜாடியில் மட்டும் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆனால் சர்க்கரை நோய்க்குத் தேன் மாற்று இல்லை, அதுவும் சர்க்கரைதான். அவர்களுக்கு இனிப்பே சேர்க்காமல் எலுமிச்சை, வெள்ளரி வில்லை, புதினா, சிட்டிகை உப்பு, நிறையத் தண்ணீர் என்று ஒரு சின்ன ஜாடி தனியாக வையுங்கள். பார்த்துக்கொண்டே இருங்கள், மற்றவர்களும் அதைத்தான் தேடி வருவார்கள்.

வெளியே வைக்கும் நேரம்: வெட்டிய பழம் உள்ள எதுவும் 2 மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம். அதனால் 7 லிட்டர் ஜாடி ஒன்றை மூன்று மணி நேரம் நிறுத்துவதைவிட, 2 லிட்டர் ஜாடியில் ஊற்றி வைத்துத் தீரத்தீர ஃபிரிட்ஜிலிருந்து நிரப்புவதே நல்லது. மிச்சத்தின் மேல் புதிதை ஊற்றாமல் ஜாடியை மாற்றிவிடுங்கள்.

கொத்துப்புதினா:

சின்ன ஜாடி என்பதில் எனக்கும் சம்மதம். ஐஸ் பிரச்சினையும் அதிலேயே பாதி தீர்ந்துவிடும். ஜாடிக்குள் ஐஸ் போடவே போடாதீர்கள். ஜாடி ஃபிரிட்ஜிலிருந்து சில்லென்று வரட்டும், ஐஸை ஒரு கிண்ணத்தில் பக்கத்தில் வையுங்கள், அவரவர் டம்ளரில் போட்டுக்கொள்ளட்டும். ஜாடியைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டுமென்றால் ஐஸ் நிரப்பிய தட்டில் உட்கார வையுங்கள். கட்டி பெரிதாக இருந்தால் மெதுவாகக் கரையும், தண்ணீருக்குப் பதில் ஸ்ட்ராபெர்ரி, திராட்சை, தர்பூசணித் துண்டுகளை உறையவைத்து ஐஸாகப் போட்டால் கரைந்தாலும் நஷ்டமில்லை.

வேதியல்பித்து:

ருசி பார்ப்பதைப் பற்றி ஒரு வரி. அறைச்சூட்டில் ருசி பார்த்து இனிப்புச் சரி என்று ஃபிரிட்ஜில் வைத்தால், குளிர்ந்த பிறகு புளிப்புத் தூக்கலாக இருக்கும், ஏனென்றால் குளிரில் நாக்கு இனிப்பை மந்தமாகத்தான் உணரும். அதனால் கலந்து குளிரவைத்து, ஐஸ் போட்ட டம்ளரில் ஊற்றி, ஒரு நிமிடம் கழித்துக் குடித்துப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். அறைச்சூட்டில் கொஞ்சம் தித்திப்பாகத் தெரிந்தால்தான் டம்ளரில் சரியாக இருக்கும்.

வேனில்வாசகி:

சரி, கணக்குப் போட்டுவிட்டேன், தப்பிருந்தால் திருத்துங்கள். 20 பேர், ஆளுக்கு இரண்டு டம்ளர், 250 மி.லி. டம்ளர். மொத்தம் 10 லிட்டர். அப்படியென்றால் சாறு மட்டுமே ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டும், எலுமிச்சை ஒரு மூட்டை வாங்க வேண்டும்போல் இருக்கிறதே!

புளிப்பரசி:

ஐஸை மறந்துவிட்டீர்கள். டம்ளரில் மூன்றில் ஒரு பங்கை ஐஸ் பிடித்துக்கொள்ளும், ஆகவே 7 லிட்டர் பானம் போதும். அதற்கு:

சாறு 1.1 லிட்டர்
சர்க்கரை 900 கிராம், அதே எடைத் தண்ணீரில் பாகாக
மிச்சம் நாலரை லிட்டருக்குக் குளிர்ந்த தண்ணீரும் பழச்சாறுமாக

பெரிய தடித்தோல் எலுமிச்சை ஒன்று 40 மி.லி. வரை தரும், 28 பழம் போதும். சிறிய மெல்லிய தோல் பழம் 20, 25 மி.லி.தான், 50 வாங்கிக்கொள்ளுங்கள். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனமாக, அழுத்தினால் லேசாக அமுங்குகிற மாதிரி இருப்பதாகப் பொறுக்குங்கள், கல் மாதிரி இருப்பதில் சாறு குறைவு.

பழம் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதியை ஸ்ட்ராபெர்ரி, திருநீற்றுப்பச்சிலை. மீதியைத் தர்பூசணி, புதினா. தர்பூசணி ஜாடிகளில் தண்ணீருக்குப் பதில் பெரும்பாலும் அதன் சாற்றையே ஊற்றி, பாகைக் கால் பங்கு குறைத்துவிடுங்கள். அதற்கு மேல் வகை வைத்தால் நீங்கள் அடுக்களையை விட்டு வெளியே வரமாட்டீர்கள்.

மிக்ஸிமாமா:

சோடா? யாரும் சொல்லவில்லையே.

பழக்கூடை:

சோடா ஜாடிக்குள் போனால் பத்து நிமிடத்தில் செத்துவிடும் மாமா. பாகும் சாறும் கலந்ததை மட்டும் ஒரு பாட்டிலில் தண்ணீர் சேர்க்காமல் கெட்டியாக வைத்துக்கொண்டு, டம்ளரில் கால்பங்கு அதை ஊற்றி, ஐஸ் போட்டு, நன்றாகக் குளிர்ந்த சோடாவை ஓரமாக மெதுவாக ஊற்றி, கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தடவை தூக்கிவிட வேண்டும். சோடா வெதுவெதுப்பாக இருந்தால் வாயு எல்லாம் ஊற்றும்போதே பறந்துவிடும். கூழுள்ள பழத்தோடு சேர்த்தால் நுரைத்து வழியும், எனவே சோடா கேட்பவர்களுக்கு வடிகட்டிய ஸ்ட்ராபெர்ரிப் பாகு மட்டும்.

வேனில்வாசகி:

எல்லோருக்கும் நன்றி. வேலையைப் பிரித்துவிட்டேன். முந்தின நாள் பாகு இரண்டு வகை, ஸ்ட்ராபெர்ரி ஊற வைப்பது, பழ ஐஸ். காலையில் வீட்டுக்குள்ளேயே பிழிவது, தர்பூசணி அடிப்பது. ஆட்கள் வரும்போது ஜாடியில் சேர்ப்பது, இலை செருகுவது. கடைசியாக ஒன்று, மீந்துபோனால் என்ன செய்வது? கீழே கொட்ட மனசு வராது.

புளிப்பரசி:

மேஜையில் வெயிலில் நின்றதைக் கொட்டத்தான் வேண்டும், அதில் மனசு பார்க்காதீர்கள். ஃபிரிட்ஜை விட்டு வராமல் மீந்தது இரண்டு நாள் தாங்கும், இலையும் பழத்துண்டும் இல்லாமல் வடிகட்டி வையுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள். அடுத்த முறை வெறும் தண்ணீரிலோ சோடாவிலோ நாலு கட்டி போட்டால் போதும். பாகு தனியாக மீந்திருந்தால் அது ஃபிரிட்ஜில் இன்னும் சில வாரம் கிடக்கும், சாதாரணத் தேநீரில் ஒரு ஸ்பூன் ஊற்றிப் பாருங்கள், தைம் பாகு என்றால் இன்னும் நன்றாக இருக்கும்.

மிக்ஸிமாமா:

ஐஸ் கட்டியை மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று விட்டால் குழந்தைகளுக்கு ஐஸ் கூழ். உறைந்தது இறுகியிருக்கும், முதலில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றி, நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள், இல்லையென்றால் பிளேடு போய்விடும்.